என் வாசலை விட்டுவிட்ட கோலம்

எங்கள் தெருவில் எனக்கு வாயாடி என்று பெயர். சட்டென்று கோபம் வரும், வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் பயம்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பயப்படுவது எனக்கு வீட்டுவேலை மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் முதலில் அதைச் செய்வேன், பிறகுதான் அடுப்பு.

என் வீட்டுக்காரர் தோணியில் இன்ஜின் பார்க்கிறவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் மரத்தோணி. அவர் கடற்கரைக்காரர் இல்லை. எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பிறந்து, டிராக்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று தோணி இன்ஜினைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. நிலத்தைப் பங்கு பிரிக்கிற நேரத்தில் வார்த்தை முற்றி, "கடலுக்குப் போறவனுக்குக் கரிசக்காடு என்னத்துக்கு" என்று அண்ணன் கேட்க, அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அந்த வீட்டில் யாரிடமும் என் போன் நம்பர்கூட இல்லை.

கோலத்துக்கு வருகிறேன். முன்பு மார்கழியில் எங்கள் தெருவில் அவரவர் வாசலில் அவரவர் கோலம்தான். தெருவுக்குப் பேவர் பிளாக் கல் பதித்த வருஷம் எல்லாம் மாறியது. கல்லெல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்தால் தெரு முழுக்கக் கட்டம் போட்டதுபோல் ஆகிவிடும் என்று கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மதினி. மதினி என்றால் சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகியது. புள்ளி தெரு முழுக்க இருக்கிறதே, சிக்குக் கோலத்தின் இழையை அடுத்த வாசலுக்கு நீட்டினால் என்ன என்று ஒரு நாள் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். அதன் பிறகு விட முடியவில்லை. மார்கழி பிறந்தால் விடியுமுன் தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு கூட்டம், மேற்குக் கோடியில் ஒரு கூட்டம். இரண்டு பக்கமிருந்தும் இழையை வளைத்து வளைத்துக் கொண்டுவந்து நடுவில் சேர்க்க வேண்டும். நடுவில் இருப்பது என் வீடு. அதனால் தினமும் என் வாசலில்தான் சண்டை. கிழக்குப் பக்கம் ஒரு புள்ளியை விட்டிருப்பார்கள், மேற்குப் பக்கம் தாங்கள் விட்டதே இல்லை என்பார்கள், இழை சேராது. நான் இரண்டு பக்கத்தையும் திட்டி முடித்த பிறகு எப்படியோ சேரும்.

கடல் காற்றுக்கு வெறும் கோலமாவு நிற்பதில்லை. போட்டு நிமிர்வதற்குள் பாதி அடுத்த தெருவுக்குப் போய்விடும். உப்பளத்து வேலைக்குப் போகிற ஒருத்தி சொன்ன யோசனைப்படி பொடி உப்பைக் கலந்து பார்த்தோம். உப்பு கனமாக இருக்கிறது, தண்ணீர் தெளித்த கல்லில் ஒட்டிக்கொள்கிறது. "எறும்புக்கு ஒரு வாய் குடுக்காத கோலம்ளா இது" என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்வார். அந்த அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும், அதற்குக் கீழே எங்கள் கோலம் வளைந்து போகும். வளைவு போடுவதில் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

இந்தக் கூட்டுக் கோலத்துக்கு நாங்களாக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வர முடியவில்லை என்றால், உடம்பு சரியில்லையோ ஊரில் இல்லையோ, அவள் வாசலுக்கும் சேர்த்து மற்றவர்கள் போட்டுவிடுவோம். இழை எந்த வீட்டுக்காகவும் நிற்காது. சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் நிற்கும். கோடிவீட்டுப் பெரியவர் இறந்தபோது அந்த வாசலுக்கு முன்பே இழையை வளைத்து, கடைசிப் புள்ளியைச் சுற்றிக் கொண்டுவந்து மூடினோம். எதிர்வீட்டு அக்காவுக்கு அது புதிது. "அழுதுட்டு இருக்கவங்க வாசல்லதான மொதல்ல போடணும்" என்று கேட்டார். "தீட்டு வீடுக்கா, எங்க வழக்கம் அப்படி" என்றார் மதினி. அக்கா குனிந்து அந்த வளைவை அழகாக மூடினார்.

நான் சொல்ல வந்தது இந்த வருஷத்து மார்கழி. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் சொல்லத் தொடங்கியபோது என் வீட்டுக்காரரின் தோணி புறப்பட்டுப் போயிருந்தது. அது போன மறுநாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கரையைத் தாண்டிவிட்டால் அவர் போனில் டவர் இருக்காது, மாலே போய்ச் சேர்ந்ததும்தான் கூப்பிடுவார். கணக்குப்படி அவர் கூப்பிட வேண்டிய நாள் தாண்டி ஒரு நாள் ஆகியிருந்தது. தோணி ஆபீசுக்குப் போன் செய்தேன். "காத்துக்கு எங்கயாச்சும் ஒதுங்கி நிப்பாங்கம்மா, வந்துரும்" என்றார்கள். அவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்கிற குரலில் ஒரு கொட்டாவியும் இருந்தது, அதற்காக அந்த ஆளை நான் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அன்று இரவு என் மகளுக்குக் காய்ச்சல். இரண்டாவது படிக்கிறாள், காய்ச்சல் வந்தால் அப்பாவைத்தான் கேட்பாள். நெற்றியில் ஈரத்துணி போடுவதும் எடுப்பதுமாக விளக்கை அணைக்கவே இல்லை. விடியுமுன் வெளியே தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. விளக்குமாற்றுச் சத்தம், பெண்களின் பேச்சு, சிரிப்பு. நான் போகவில்லை. எனக்கும் சேர்த்துப் போடுவார்கள், கவலையில்லை என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமிருந்தும் பேச்சு என் வீட்டை நோக்கி நெருங்கி வந்தது. முனைக்கடை அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் என்னவோ தணிவாகச் சொன்னது. அதோடு வெளியே எல்லாப் பேச்சும் நின்றுவிட்டது.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள், சத்தம் போடாமல் போடுகிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு நல்லவர்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. பால் வாங்கலாம் என்று கதவைத் திறந்தேன்.

என் வாசல் சுத்தமாகப் பெருக்கி இருந்தது. தண்ணீர் தெளித்து இருந்தது. கோலம் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

மறந்துவிட்டார்கள் என்று நினைக்கத்தான் முதலில் முயற்சி செய்தேன். மறந்திருந்தால் இழை பாதியில் நின்றிருக்க வேண்டும். கிழக்கே மதினி வீட்டு எல்லையில் பார்த்தேன். இழை வளைந்து, கடைசிப் புள்ளியைச் சுற்றி, வந்த வழியே திரும்பியிருந்தது. மேற்கே பார்த்தேன். அங்கேயும் அப்படியே. அந்த மேற்கு வளைவு எதிர்வீட்டு அக்காவின் கை. யாருடைய கை என்று எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதறாமல், பிசகாமல், யோசித்து மூடிய வளைவு அது.

நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அண்ணாச்சி கடைக்குத் துறைமுகத்து ஆட்கள் டீ குடிக்க வருவார்கள். சேதி அங்கேதான் முதலில் வரும். அவர் சொன்னதும்தான் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பார்க்க, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போனது.

வெளியே போய் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஊரையே வாயால் ஓட்டுகிறவள் நான். ஆனால் கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரை அவர் இன்ஜின் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருக்கிறார், சொன்ன பிறகு இல்லை. எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம், பிள்ளை எழுந்திருக்கிறவரைக்கும், காய்ச்சல் விடுகிறவரைக்கும், கேட்காமல் இருப்போம் என்று முடிவு செய்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியே கேட்காமல் இருந்தேன்.

கதவைத் தட்டினார்கள். திறக்காமல் இருக்க முடியவில்லை. மதினி நின்றார். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் காப்பிச் செம்பு.

"அடுப்பு மூட்டியிருக்க மாட்ட" என்றார். "பிள்ளைக்கு இட்லி வச்சிருக்கேன். நீயும் ரெண்டு வாயில போடு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியை வாசற்படியில் வைத்தார், செம்பை என் கையில் தந்தார், என் புறங்கையை ஒரு தட்டுத் தட்டினார், போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பக்கத்து வீட்டார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது தெரியாத பெண் எங்கள் பக்கத்தில் கிடையாது. கோடிவீட்டுக்கு நானே அப்படித் தூக்குச்சட்டி சுமந்திருக்கிறேன், நானும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பு கையில் சுட்டது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பிள்ளை எழுந்து, "அம்மா, இட்லி யாரு குடுத்தா" என்று கேட்டாள். "அத்தை" என்றேன். என் குரல் சாதாரணமாக வந்தது எனக்கே ஆச்சரியம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு குறைந்திருந்தது. அவளுக்கு ஊட்டிக்கொண்டே, இந்தப் பிள்ளைக்கு என்னவென்று சொல்வேன், எந்த வார்த்தையில் தொடங்குவேன் என்று யோசித்தேன். அவள் மென்று விழுங்குகிற நேரத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பார்ப்பேன், அது பாதியிலேயே உடைந்துவிடும்.

போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண். மறுபடி போட்டேன், மறுபடியும் அதையே சொன்னாள். தெருவுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். மதினியின் மகள் தினமும் மொட்டைமாடியில் ஏறி நின்று தெருக் கோலத்தைப் படம் எடுத்து அதில் போடுவாள். வெளியூரில், கப்பலில், தோணியில் இருக்கிற எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் அந்தக் குழுவில் உண்டு. அன்றும் படம் வந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தபோது இன்னும் மோசமாக இருந்தது. தெரு நெடுக வெள்ளை இழை, நடுவில் என் வாசல் அகலத்துக்கு வெறும் கல். மற்ற நாளில் படத்துக்குக் கீழே பூவும் சிரிப்புமாகக் கொட்டிக் கிடக்கும். அன்று கைகூப்பிய படம் ஒன்று மட்டும் இருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்தக் கைகூப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் எனக்குக் கோபமாகத்தான் திரும்பும் என்று முன்பே சொன்னேன். யாரைக் கேட்டு என் வாசலை விட்டார்கள்? உடல் வந்ததா? ஆபீசில் சொன்னார்களா? கடைவாசல் பேச்சை நம்பி என் தாலியை அறுக்க இவர்கள் யார்? பிள்ளையைப் படுக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்த கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனேன்.

நல்ல வெயில் வந்துவிட்டிருந்தது. தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் கோலம் போட மாட்டார்கள். நான் என் வாசல் நடுவில் குத்தவைத்துப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். அவசரத்தில் புள்ளிகள் கல்லின் நடுவில் விழவில்லை, ஓரத்தில் விழுந்தன. பரவாயில்லை என்று வைத்துக்கொண்டே போனேன். கிழக்கே மூடிய வளைவைத் திறக்காமல் என் இழையைச் சேர்க்க முடியாது. அதை உள்ளங்கையால் அழித்தேன். உப்பு கலந்த பொடி கல்லில் இறுகி ஒட்டியிருந்தது, எளிதில் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அழிந்த இடத்திலிருந்து இழையை இழுத்து என் முதல் புள்ளியைச் சுற்றினேன்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் நினைத்திருப்பார்கள். எனக்கோ, இழை மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் பிழைத்துவிடுவார் என்று இருந்தது. அது மடத்தனம் என்று தெரியும். தெரிந்தும், ஒரு புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகுமோ என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். பொடி தீர்ந்துவிடுமோ என்று வேறு பயம். விரல் இடுக்கில் கொஞ்சமாக விட்டு, இழையை மெல்லிசாக இழுத்தேன்.

மதினி ஓடிவந்தார். "ஏளா, என்ன காரியம் செய்யுத? தீட்டு வீட்டுல கோலம் போடக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் கையை உதறினேன். "யாருக்குத் தீட்டு? நீங்க பாத்தியளா? அவிய சாகல மதினி. சாகல. எவன் சொன்னான்னு கூட்டிட்டு வாங்க, நான் கேக்கேன்."

மதினியின் பிடி தளர்ந்தது. என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வாசலைத் தாண்டி இறங்கி வந்துகொண்டிருந்தவர் தெரு நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏளா" என்றார் மதினி மெதுவாக. "நீ யாரச் சொல்லுத?"

"எங்க வீட்டு ஆளத்தான். வேற யார?"

"ஐயோ, கிறுக்கி." மதினி என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "ஒன் மாப்ள நல்லாத்தான் இருப்பாவ. அவிய அண்ணன்ளா. ஊர்ல இருக்காகல்லா, அவிய. ராத்திரி நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுட்டாம். அண்ணாச்சியும் அந்த ஊருதான, அவருக்குப் போன் வந்துருக்கு. ஒனக்குச் சொல்லியிருப்பாவன்னு நெனச்சோம். ராத்திரி பூரா ஒன் வீட்டுல லைட் எரிஞ்சுது. நீ அழுதுட்டு இருக்கன்னு நெனச்சுட்டோம்."

நான் சிரித்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். சத்தமாக, வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தேன். கை நிறைய உப்பும் மாவுமாகத் தெரு நடுவில் உட்கார்ந்து, ஒரு மனுஷன் செத்துப்போன சேதிக்கு அப்படி ஒரு சிரிப்பு. சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வந்து என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்ட பிறகுதான் அது அழுகையாக மாறியது. "மாதாவே, புள்ள காலையிலருந்து இதயா நெனச்சுட்டுக் கெடந்துச்சு" என்று அவர் மதினியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அப்ப குழுவுல ஏன் ஒருத்தரும் எழுதல?" என்று அழுகையோடு கேட்டேன்.

"எப்படிளா எழுத? ஒன் வீட்டுக்காரரும் அதுல இருக்காகல்லா. கடல்ல நிக்க ஆளுக்குச் சாவுச் சேதி சொல்லலாமா?" என்றார் மதினி. அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். கடலில் இருப்பவருக்குக் கரையில் நடந்த சாவைச் சொல்வதில்லை. கலங்கிய ஆள் கையில் இன்ஜினும் சுக்கானும் இருக்கக் கூடாது. கரைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். அன்று அந்தப் பெண்கள் எல்லோரும் அவருக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நான் போட்ட புள்ளிகளை நானே துடைத்தேன். அக்கா கிழக்கு வளைவைத் திரும்பப் போட்டு மூடினார். தீட்டு எங்களுக்கும் உண்டுதான். பேச்சு இல்லையென்றாலும் பங்காளி பங்காளிதான். வீட்டுக்குள் வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் என் வீட்டுக்காரரின் அண்ணன், பெரியத்தான், முகம் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று அவர்தான் பந்தியில் நின்று, "புதுப்பொண்ணுக்கு இன்னும் ரெண்டு அப்பளம் வைங்கடே" என்று சத்தம் போட்டார். அவருடைய மனைவி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். நான் காலையில் இருந்த இடத்தில் அவர் இப்போது இருக்கிறார், சேதி பொய்யென்று அவரிடம் யாரும் வந்து சொல்லப்போவதில்லை. வெட்கமாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை மதினியிடம் விட்டுவிட்டுப் போய்வருவது என்று முடிவு செய்து, புடவையை எடுத்து வைத்தேன்.

ஆனால் பயம் போகவில்லை. அவர் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை, சரி. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லையே. போன் இன்னும் வரவில்லை. கூண்டு இன்னும் இறக்கவில்லை. காலையில் பட்டதெல்லாம் வெறும் ஒத்திகையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது கையிலிருந்த புடவையை மடிக்க முடியவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

மதியம் போன் அடித்தது. தெரியாத நம்பர், நீளமாக இருந்தது. தோணிக்காரர்கள் மாலேயில் வாங்கி வைத்துக்கொள்ளும் சிம்முக்கு அப்படித்தான் வரும். எடுத்தேன். காற்று இரைச்சல். அதற்குப் பின்னால் இன்ஜின் சத்தம். அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாருளா?" என்றது அவர் குரல்.

எனக்குப் புரியவில்லை. "நாந்தான்" என்றேன்.

"நீ பேசுத, சரி. பிள்ள எங்கன? பிள்ளகிட்ட போனக் குடு."

பிள்ளையின் காதில் வைத்தேன். "அப்பா" என்றாள். "இட்லி தின்னேன்" என்றாள். நான் போனை வாங்கியபோது அந்தப் பக்கம் மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்டது.

"பிள்ளைக்கு லேசாக் காச்சல், இப்ப விட்டுட்டு" என்றேன். "என்ன, ஏன் இப்படிப் பேசுதிய? எங்க இருக்கிய?"

"மாலேக்கு வெளிய நங்கூரம் போட்டுக் கெடக்கோம். காத்துக்கு ஒதுங்கி நின்னு இப்பதான் வந்தோம். டவர் கெடச்சதும் போன்ல மொத வந்தது நம்ம தெருக் கோலம்." அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. "நம்ம வாசல விட்டுருக்காவ. ஒன் போனுக்குப் போட்டா கெடைக்கவே இல்ல. வேற ஒருத்தன்கிட்ட சிம் வாங்குறதுக்குள்ள நான் செத்துட்டேன். பிள்ளையா, நீயான்னு... ரெண்டு பேரு கொரலக் கேட்டும் நெஞ்சு நம்ப மாட்டேங்கு. யாருளா? மறைக்காதே. சொல்லு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்று அத்தனை பேரும் பார்த்துப் பார்த்து இருந்தார்கள். படம் எடுப்பது தினமும் செய்கிற வேலை என்பதால் அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. காலையில் கதவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த மாதிரி, அவர் கடலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கரைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்பதெல்லாம் இனி நடக்காது. எங்கள் குரலைக் கேட்ட பிறகும், நான் சொல்லாமல் விடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் மனசில் நாங்கள் இருவரும் மாறி மாறிச் செத்துக்கொண்டிருப்போம்.

"உங்க அண்ணன்" என்றேன். "ராத்திரி நெஞ்சுவலி வந்துருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

"அப்பாடி" என்றார்.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தவர் விடுகிற பெருமூச்சோடு தானாக வந்தது. அந்தப் பக்கம் காற்று இரைந்தது. தோணியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஏளா" என்றார் கடைசியில். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் இப்ப என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "காத்து எரைச்சல்ல எனக்கு எதுவும் கேக்கல."